இருநூத்திப் பதினாலு ஆட்டம்

கோட்டை கட்டப் போறியளா தம்பி? வேண்டாம், கட்டாதிய. ராஜாவ மூலையில கொண்டு ஒளிச்சு வச்சு, யானையக் காவலுக்கு நிறுத்திட்டு ஆடுததெல்லாம் ஒரு ஆட்டமா? நடுவுல நிக்கட்டும். ராஜான்னா நடுவுலதான் நிக்கணும்.

கோவிச்சுக்கிடாதிய. அடுத்தாள் போன எட்டிப் பாக்கது தப்புத்தான். பஸ்ல பக்கத்து சீட்ல இருந்துக்கிட்டு செஸ் ஆடுனியன்னா என் கண்ணு அங்கதான் போவும், நான் என்ன செய்ய? யாரு கூட ஆடுதிய? போன் கூடயேவா? எதிர்ல மனுசன் யாரும் இல்லியா? சரி. ஆடுங்க. நல்லா வெளங்கும்.

இல்ல, உங்க மேல கோவம் இல்ல. அந்தப் போன் மேலதான். இன்னைக்கி எந்தப் போனப் பாத்தாலும் எடுத்து வெளிய எறியணும் போல வருது. நீங்க பாட்டுக்கு உள்ள வச்சுராதிய, எறிய மாட்டேன்.

எம் பேரு கோமதிநாயகம். சங்கரன்கோவில்ல வந்து கேட்டுப் பாருங்க. நகராட்சித் தண்ணி மோட்டார் ஆபரேட்டர்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியும், செஸ் கோமதின்னு சொன்னா மீதிப் பேருக்கும் தெரியும். எட்டு வருசமா டவுன் சாம்பியன். அப்படியாப்பட்டவன் இன்னைக்கி தென்காசியில மாவட்டப் போட்டியில கடைசி ரவுண்டுல பொண்டாட்டிகிட்ட தோத்துட்டு வாரேன்.

இல்ல, நில்லுங்க. தோக்கல. தோத்ததா எழுதிட்டாங்க. அது வேற, இது வேற. பலகையில நான் தோக்கல, அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

அவ பேரு ஆவுடை. அங்கன்வாடி டீச்சர். போன வருசம் இந்நேரம் அவளுக்குக் குதிரை எப்படிப் போவும்னு தெரியாது தம்பி. கல்யாணம் ஆன புதுசுல ஒருக்க, "எனக்கும் சொல்லித் தாங்களேன்"ன்னு வந்து நின்னா. "உனக்கு எதுக்குட்டி இதெல்லாம், அடுப்புல பால் பொங்குது பாரு"ன்னேன். நெசமாவே பால் பொங்கிச்சு, பாத்துக்கிடுங்க. பொய் சொல்லல. அதுக்குப் பொறவு அவ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா?

இப்ப யாரு சொல்லிக் குடுத்தா? போனு. எம் மக சங்கரி கோயம்புத்தூர்ல வேலை பாக்கா. அவ பழைய போன அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனா. அதுல செஸ் ஒண்ணு இருந்திருக்கு. முதல்ல சிப்பாய் எப்படிப் போவும், குதிரை எப்படித் தாவும்னு அதுவே சொல்லிக் குடுக்குமாம். பொறவு தெனம் புதிர் போடுமாம். தப்பா வச்சா ஏன் தப்புன்னு சொல்லுமாம். கோவமே படாதாம். "நூறு தடவை தப்பு வச்சாலும் அது மூஞ்சியச் சுளிக்காதுங்க"ன்னு எங்கிட்டயே சொல்லுதா. யார மனசுல வச்சுச் சொல்லுதான்னு எனக்கு வெளங்கல.

மத்தியானம் பிள்ளையள வீட்டுக்கு அனுப்பிட்டு வந்து உக்காருவா. அப்பளம் பொரிக்கும்போதும் பக்கத்துல போன் இருக்கும். நான் என்ன நெனச்சேன்? சீரியல் பாக்கான்னு நெனச்சேன். சீரியலே பாத்திருக்கலாம். குடும்பம் தப்பிச்சிருக்கும்.

அதக்கூட மன்னிச்சிருவேன். அடுத்தது செஞ்சா பாருங்க, அது உண்ட வீட்டுக்கு ரெண்டகம்.

தொண்ணூத்தாறுல இருந்து நான் ஆடுன முக்கியமான ஆட்டத்தையெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொரு மூவும், தேதி, எதிராளி பேரு எல்லாம் இருக்கும். நாப்பது பக்க நோட்டு அஞ்சு. பேப்பர்ல சுத்தி, சணல் போட்டுக் கட்டி, பரண் தட்டு மேல வச்சிருந்தேன். அதுல என் உசுரு இருக்கு. அத யாருக்கும் காட்டுனது கெடையாது. யாரும் கேட்டதும் கெடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பாத்திரமெல்லாம் எறக்கும்போது இவ கையில அது சிக்கிட்டு.

எடுத்தவ என்ன செஞ்சா தெரியுமா? மொத்தத்தையும் போன்ல ஏத்திட்டா. இருநூத்திப் பதினாலு ஆட்டம்! ஒவ்வொரு மூவா அடிச்சிருக்கா தம்பி. அவளுக்கு அது பழக்கம். அங்கன்வாடி சென்டர்ல நாப்பது பிள்ளை எடையும் உயரமும் மாசாமாசம் ஏத்துத கை. எத்தன மாசம் உக்காந்து ஏத்துனாளோ, எனக்குத் தெரியாது. நான் டூட்டிக்குப் போயிருவேன்.

போன வாரம் மணி என்னன்னு பாக்க அவ போன எடுத்தேன். திறந்தா எம் பேரு கெடக்கு. கோமதிநாயகம், இருநூத்திப் பதினாலு. கீழ வரிசையா ஆட்டம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு கலரு. பச்ச, மஞ்ச, செவப்பு. என்ன கலருன்னு புரிஞ்சுதா உங்களுக்கு? எனக்குப் புரிஞ்சுது, அவ சென்டர்ல செவுத்துல தொங்குமே பிள்ளைய எடை அட்டை, அந்தக் கலரு. எடை சரியா இருந்தா பச்ச. கொறஞ்சா மஞ்ச. ரொம்ப மோசம்னா செவப்பு. நான் ஆடுன ஆட்டத்த எடை போட்டிருக்கா! நான் என்ன சத்து மாவு வாங்க வரிசையில நிக்க பிள்ளையா?

"ஏட்டி, என்னட்டி இது?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டு மிக்சி நின்னு போச்சு.

அவ பதறல. ஈரக் கையத் தொடச்சுக்கிட்டு வந்தா. "எடை போட்டாத்தான என்ன கொறைன்னு தெரியும்"ன்னா.

"எனக்கு என்ன கொறை?"

"இருநூத்திப் பதினாலு ஆட்டத்துல ஒம்போதுலதான் கோட்டை கட்டியிருக்கீங்க. தோத்ததுல முக்காவாசி ராஜா நடுவுல நின்னு அடிபட்டதுதான். ராணிய எடுத்துட்டு ரொம்ப தூரம் போயிருதீங்க. திரும்பிப் பாக்கதே இல்ல."

"அதச் சொல்ல நீ யாரு? அந்தப் போன் யாரு?"

அதுக்கு ஒண்ணு சொன்னா தம்பி. "சென்டர் பிள்ளைகளுக்கு மாசம் ஒருக்க எடை போடுதோம். உங்களுக்கு இருபத்தெட்டு வருசமா யாருமே போடலியே"ன்னா. இதுக்கு என்ன அர்த்தம்? என்னைக் கேவலப்படுத்துததுதான அர்த்தம்? சோத்துல கை வைக்காம எந்திரிச்சுப் போயிட்டேன்.

சொல்லிட்டுச் சும்மா இருந்தாளா? மாவட்டப் போட்டிக்குப் பேரு குடுத்துட்டா! "நானும் வாரேங்க, சும்மா ஆடிப் பாக்கேன்"ன்னா. வந்து அசிங்கப்படட்டும்னு நானும் விட்டுட்டேன்.

காலையில ஆறு மணி பஸ்ல ரெண்டு பேரும் வந்தோம். அவ ஜன்னல்ல சாஞ்சு தூங்குனா. அவ பையில இருந்து அந்தப் போன எடுத்து எம் பைக்குள்ள வச்சுக்கிட்டேன். ஏன்னு கேக்கியளா? போன் இல்லன்னா அவ ஒழுங்கா ஆடுவாள்லா. அவ நல்லதுக்குத்தான். ஓரத்துல இருந்த பித்தான ஒரு அமுக்கு அமுக்குனேன், வெளிச்சம் அணைஞ்சிட்டு. அணைஞ்சா ஆப்புன்னுதான அர்த்தம்?

ஒரு கல்யாண மண்டபத்துல போட்டி. ஆறு ரவுண்டு. போன் இல்லாமலே அவ ஜெயிக்கா தம்பி! முதல் ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டுன்னு ஜெயிச்சுக்கிட்டே வாரா. கடயநல்லூர்ல இருந்து வந்த ஒரு வாத்தியாரு, மீசைய முறுக்கிக்கிட்டு உக்காந்தவரு, இருவது மூவ்ல தோத்துக் கை குடுத்துட்டுப் போறாரு. அஞ்சு ரவுண்டு முடியவும் எனக்கும் நாலரை பாயிண்டு, அவளுக்கும் நாலரை. கடைசி ரவுண்டுக்குச் சீட்டு ஒட்டுதாங்க. முதல் பலகை: கோமதிநாயகம், ஆவுடையம்மாள்.

நடுவர் ஜெபசிங் சார்கிட்ட நேராப் போனேன். "புருசன் பொண்டாட்டிய எதிரெதிரா உக்கார வைக்கியளே, இது நியாயமா?"ன்னேன். "நான் போடல சார், கம்ப்யூட்டர் போட்டது"ங்காரு. பாத்தியளா? வீட்டுல போனு, இங்க கம்ப்யூட்டரு. எல்லாம் அவ கட்சி.

ஜெயிக்கவங்க மாநிலப் போட்டிக்குத் திருச்சி போவணும். உக்காருததுக்கு முன்னாடி அவ சொன்னா, "யாரு ஜெயிச்சாலும் பரிசளிப்பு வரைக்கும் இருங்க. சேந்து வீட்டுக்குப் போவோம்"ன்னு. ஆட்டத்துக்கு முன்னாடி எதிராளி மனசக் கலைக்கதுக்கு இப்படியெல்லாம் பேசுவாங்க.

நான் ஒரு திட்டத்தோடதான் உக்காந்தேன். கோமதிநாயகம் கோட்டை கட்ட மாட்டான்னுதான அவ போன்ல எழுதி வச்சிருக்கா? கட்டுவோம். அவ கணக்கத் தப்பாக்குவோம். எட்டாவது மூவ்ல, ராஜாவ ஓரமாக் கொண்டுபோய் வச்சு, யானைய எடுத்துப் பக்கத்துல வச்சேன். நிமிந்து பாக்கேன், அவ சிரிக்கா. வாய மூடிக்கிட்டு, கண்ணெல்லாம் சிரிப்பு. எவ்வளவு எளக்காரம் பாருங்க! பொண்ணு பாக்கப் போனப்ப சிரிச்சது, அதுக்குப் பொறவு அவ அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

கோட்டை கட்டுங்க, கோட்டை கட்டுங்கன்னா. கட்டுனேன். என்ன ஆச்சு? அந்தப் பக்கமாவே ரெண்டு சிப்பாய உந்திக்கிட்டு வாரா. எனக்குக் கோட்டைக்குள்ள இருந்து ஆடிப் பழக்கம் இல்ல. மூச்சு முட்டுது. முப்பத்தோராவது மூவு. அவ ராணியத் தூக்கி ஒரு எடத்துல வச்சா பாருங்க. அது மனுசன் வைக்க எடமே இல்ல. போன்தான் வைக்கும்.

உடனே எனக்குப் பொறி தட்டுச்சு. ஒரு போன் எங்கிட்ட இருக்கு. இருந்தும் இவ போன் மாதிரி ஆடுதா. அப்ப இன்னொரு போன் எங்கயோ இருக்கணும்லா? கைய உயர்த்துனேன். ஜெபசிங் சார் வந்தாரு. "இவ போன் வச்சிருக்கா, சோதனை போடுங்க"ன்னேன்.

"சார், அவங்க உங்க..."

"அது வீட்டுல. இங்க எதிராளி."

எழுதிக் குடுங்கன்னாரு. எழுதிக் குடுத்தேன். நடுவர் அவர்களுக்கு, என் மனைவி மீது புகார்னு ஆரம்பிச்சு, கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். மண்டபம் முழுக்க ஆட்டத்த விட்டுட்டு எங்களத்தான் பாக்கு. ஒரு லேடி வந்து அவளத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சோதனை போட்டாங்க. ஒண்ணும் இல்ல. வெளிய வந்தா. மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. "உங்க போன் எங்கம்மா?"ன்னு நடுவர் கேக்காரு. "காலையில பையில வச்சேன் சார், இப்பக் காணோம்"ங்கா.

நான் காலால எம் பைய இன்னும் உள்ள தள்ளுனேன். நான் ஏன் சொல்லணும்? எங்கிட்ட யாரும் கேக்கலியே.

சரியா ரெண்டு மணி. என் நாக்காலிக்கு அடியில இருந்த பைக்குள்ள இருந்து நாப்பது பிள்ளைய ஒண்ணாக் கத்துது. "டீச்சர், டைம் ஆச்சு! டீச்சர், டைம் ஆச்சு!" சென்டர் பிள்ளைய சத்தத்தப் பிடிச்சு அலாரமா வச்சிருக்கா, புதிர் போடுத நேரத்துக்கு. அத நிறுத்தவும் தெரியல எனக்கு. எங்கன அமுக்குனாலும் கத்துது. வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு.

யாரு போனா இருந்தாலும் சரி, ஆட்டக்காரன் பையில போன் அடிச்சா அவன் ஆட்டம் காலி. அதான் ரூலு. நடுவர் கடிகாரத்த நிறுத்திட்டு, வெற்றி ஆவுடையம்மாள்னு எழுதிட்டாரு.

அதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா? "சார், இப்படி வேண்டாம். ஆட்டத்த முடிச்சுக்கிடுதோம். அவங்க தோத்தாலும் ஆடித் தோக்கட்டும்"ன்னா. பிச்ச போடுதா தம்பி, எனக்கு! எட்டு வருச சாம்பியனுக்கு! ரூலு ரூலுதாம்மான்னுட்டாரு அவரு. பைய எடுத்தேன். செருப்ப மாட்டுனேன். "பரிசளிப்பு அஞ்சு மணிக்குங்க"ன்னு பின்னாடியே வந்தா. திரும்பிப் பாக்காம வந்து இந்த பஸ்ல ஏறிட்டேன்.

இப்பச் சொல்லுங்க, நான் தோத்தேனா? இந்தா, ஆட்டம் எழுதுன தாளு. உங்க ஆட்டத்த அப்படியே வச்சுட்டு, இத உங்க போன்ல போட்டுப் பாருங்க. எனக்கு இன்னும் வழி இருந்துச்சு. குதிரைய வச்சு மறிச்சிருப்பேன். போடுங்க, போடுங்க. உங்க போனு யாரு கட்சியும் இல்லல்லா.

என்னது?

நாலு மூவ்ல செக்மேட்டா? யாரு ஜெயிக்கா? அவளா? குதிரைய வச்சு மறிச்சாலுமா?

சரி, உங்க போனும் அவ கூடச் சேந்துக்கிட்டு. நான் ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இந்தப் போனெல்லாம் யோக்கியமான்னு பாக்க எங்கிட்ட ஒரு ஆட்டம் இருக்கு. தொண்ணூத்தெட்டு அக்டோபர் இருவத்தி மூணு. தேதி கூட மறக்கல. வெளிய ஐப்பசி மழை கொட்டுது. எதிர்ல பேங்க் மேனேஜர் ராமசேஷன், மெட்ராஸ்ல ஆடிட்டு வந்தவரு. நாலரை மணி நேரம் ஆடுனோம். நடுவுல ரெண்டு தடவ ஆளு வந்து வாசல்ல நின்னு கூப்பிட்டான். நான் பலகையில இருந்து தலையத் தூக்கலியே! அப்படி ஒரு கவனம். அவரே எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு. இந்த ஜென்மத்துல நான் ஆடுன ஆட்டம் அது ஒண்ணுதான்னு வச்சுக்கிடுங்க.

இந்தா அவ போனு. போற போக்குல இதயும் தூக்கிட்டு வந்துட்டேன் பாருங்க. பூட்டு கெடையாது. அந்தத் தொண்ணூத்தெட்டு ஆட்டத்துக்கு என்ன கலரு போட்டிருக்கான்னு பாருங்க. நான் பாக்கல. அன்னைக்கி முதல் பக்கத்தோட கீழ வச்சுட்டேன். அதுக்கு மட்டும் செவப்பு போட்டிருந்தான்னா, இன்னையோட எல்லாம் முடிஞ்சுது. தேடுங்க. தேதி போட்டுத்தான் வச்சிருக்கா.

கெடச்சுட்டா? பச்சையா? ம். பச்சையா. தெரியும் எனக்கு. கீழ எழுதியிருக்காளா? வாசிங்க.

ஏன் நிறுத்திட்டிய? குடுங்க இங்க. கண்ணாடி மாட்டிக்கிடுதேன்.

"ஆட்டம் 37. தேதி 23.10.1998. வெற்றி. நிறம் பச்சை. குறை எதுவும் இல்லை. இவர் ஆடியதில் இதுதான் சிறந்த ஆட்டம். அன்றுதான் சங்கரி பிறந்தாள். எனக்கு ஆபரேஷன் செய்யக் கையெழுத்து கேட்டார்கள். அண்ணன் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் இவர் எழுந்து வரவில்லை. கடைசியில் அண்ணனே கையெழுத்துப் போட்டான். ஏன் வரவில்லை என்று இத்தனை வருஷம் எனக்குப் புரியவில்லை. இன்றுதான் புரிந்தது. பலகையில் அந்த இடத்தில் ஒரே ஒரு நகர்வுதான் ஜெயிக்கும். அரை மணி நேரம் யோசித்து அதைக் கண்டுபிடித்திருக்கிறார்."

அவ்வளவுதான் எழுதியிருக்கா.

தெரியும் தம்பி. தெரியாம என்ன. அன்னைக்கி ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேனே. ரெண்டு உசுரும் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு கொறையும் இல்ல. நான் போய் நின்னு ஜெயிச்சத அவகிட்டதான் முதல்ல சொன்னேன். "அப்படியா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அரை மணி நேரம் யோசிச்சேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நோட்டுல மூவுக்குப் பக்கத்துல நேரம் போட்டிருப்பேன். அதயும் பாத்திருக்கா.

எனக்கு இப்பவும் கோவம்தான். பச்சை எதுக்குப் போடணும்? இதுக்குச் செவப்பு போட்டிருக்கணும்லா அவ? நானா இருந்தா போட்டிருப்பேன் தம்பி. எல்லாத்துக்கும் செவப்பு போட்டிருப்பேன்.

இது எந்த ஊரு, சுரண்டையா? மணி என்ன? நாலா? தென்காசிக்கு எதிர் வண்டி கெடைக்கும்லா இங்க? பரிசளிப்பு அஞ்சு மணிக்குன்னா. அவளுக்காவ ஒண்ணும் போவல, பாத்துக்கிடுங்க. போன் எங்கிட்ட இருக்கு. பரிசு வாங்குனா மகளுக்கு எதுல கூப்பிட்டுச் சொல்லுவா? அதுக்குத்தான்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க. ஏ கண்டக்டர், ஆள் எறங்கணும்!

தம்பி, உங்க ஆட்டம் இன்னும் அப்படியேதான கெடக்கு? ராஜா நடுவுல நிக்கான் பாருங்க. கோட்டையக் கட்டிருங்க.